குரங்கின் மேல் பழி வேண்டாம்

கேள்வி: வயநாட்டுக் குரங்குக் காய்ச்சல் எங்கள் பக்கமும் வந்துவிடுமோ என்று பயம். தோட்டத்துக்கு வரும் குரங்குகளைக் கூண்டோடு விரட்டிவிட்டால் என்ன?
– வாசகர், தேவர்சோலை

பதில்: திருடனைக் கண்டு குரைக்கிற நாயையா அடித்து விரட்டுவீர்கள்? 1957-இல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் குரங்குகள் கொத்துக் கொத்தாக மடிந்ததால்தான் இந்த வைரஸே பிடிபட்டது. கடித்துப் பரப்புவது உண்ணி. குரங்கும் நம்மைப் போல அதற்குப் பலியாகிற ஜீவன்தான். 2015-இல் வயநாட்டில் உயிர்களைப் பறித்த நோய்க்கு மாநில எல்லை தெரியாது. எங்காவது குரங்கு செத்துக் கிடந்தால் தொடாதீர்கள், உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். டிசம்பர் முதல் மே வரை விறகுக்கோ மாடு மேய்க்கவோ காட்டுக்குள் போகிறவர்கள் கை கால் மூடிப் போகட்டும். திரும்பியதும் வெந்நீரில் குளிக்கட்டும். பிறகு காய்ச்சல் கண்டால், காட்டுக்குப் போய்வந்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.