151 கேஸ் போட்ட பேரன்

வாங்க இஞ்சினியரு, வாங்க. கெணத்து வரப்புக்காக நம்ம பங்காளி கோர்ட்டுல போட்டதே மூணு கேஸுதான். நீங்க ஒரே ஸ்விட்ச்சுக்குள்ள 151 கேஸ் போட்டிருக்கீங்களாமா? பெரிய வக்கீலுதான் போங்க. அப்புச்சிக்கு எப்படித் தெரியும்னு முழிக்காதே கண்ணு, ராத்திரி நீ போன்ல பொலம்பறது களத்துமேடு வரைக்கும் கேக்குது.

6502ங்கறது 1975ல 25 டாலருக்கு வித்த சிப்பு. உள்ளே இருக்கறது சில ஆயிரம் டிரான்சிஸ்டர். அதாட்ட நடிக்கற உன்ற எமுலேட்டர் கோப்புல வரி அதைவிட அதிகம்னா, அசலைவிட நகலு ஒசத்தி, சந்தோசம். ஆனா அதுக்குத் தெரிஞ்ச வேலை 56தான் சாமி. டேட்டா எங்கிருந்து வருதுங்கற வழி 13. எல்டிஏங்கற வேலை ஒண்ணுக்கே எட்டு வழி இருக்குதுன்னு நீயும் அதை எட்டுத்தடவை எழுதி வெச்சிருக்கறே. கை வலிக்கலியா? தண்ணி எந்த வாய்க்கால்ல வருதுன்னு பாக்கறவன் ஒருத்தன், வந்த தண்ணியைப் பாத்தியில கட்டறவன் இன்னொருத்தன். முகவரி கண்டுபிடிக்கற ஃபங்ஷன் தனி, வேலை செய்யற ஃபங்ஷன் தனி. எந்த ஆப்கோடுக்கு எதுவும் எதுவும் சோடின்னு 256 வரியில ஒரு அட்டவணை. தீந்துது.

எங்க தீந்துதுங்கறயா? அதுவுஞ் சரிதான். எக்ஸ் ரெஜிஸ்டரைக் கூட்டி முழு முகவரியில எல்டிஏ படிக்கையில பக்கம் தாண்டுனா ஒரு சைக்கிள் கூட ஆவும். அதே வழியில எழுதற எஸ்டிஏ, தாண்டுனாலும் தாண்டாட்டியும் அஞ்சு சைக்கிள்தான். அட்டவணையில இன்னொரு பத்தி போடு. அதை உட்டுட்டு 'எஸ்டிஏவா இருந்தா'ன்னு ஒரு இஃப் நொழைச்சேன்னு வெய்யி, மறுபடியும் வாய்தாதான்.

அப்புறம் அந்த மறைமுக ஜேஎம்பி. போக வேண்டிய முகவரியோட மொதப் பாதி ஒரு பக்கத்தோட கடைசி பைட்டுல இருந்தா, மறு பாதியை அடுத்த பக்கத்துல எடுக்காம அதே பக்கத்துத் தலைக்குத் திரும்பிப் போயி எடுக்கும். 65சி02ல அதைத் திருத்திட்டாங்க. உன்றது பழசு, திருத்திப்போடாதே. அந்தக் கோணல் சிப்போடது, இருந்தே ஆகோணும், ஒரே எடத்துல. ஆனா நிண்டெண்டோ பொட்டிக்கு டெசிமல் கணக்கு கெடையாதுன்னு 'நெஸ்ஸா இருந்தா'ன்னு கண்ட பக்கம் தெளிச்சு உட்டிருக்கறயே, அது ஆரோட கோணல்? டெசிமல் கொடியைப் பாத்துக் கணக்கை மாத்தறதே ஏடிசியும் எஸ்பிசியும்தான். மிச்சமெல்லாம் இஞ்சினியரு கைங்கரியம்.

இதைக் கேட்டு ரோசம் வந்து, ஆப்கோடுக்கு ஒரு கிளாஸு, அதையெல்லாம் பெத்துப்போட ஒரு ஃபேக்டரின்னு ஆரம்பிச்சுராதே. இங்க நூல் மில்லே ஒவ்வொண்ணா மூடுது.

பிரிக்கறதுக்கு முன்னால நெஸ்டெஸ்ட் ரோமை ஓட்டு. ஒவ்வொரு கட்டளைக்கும் ரெஜிஸ்டர்ல என்ன இருக்கோணும்னு லாக்கு கெடைக்குது. ஒரு ஃபங்ஷனைப் பிரி, வரிக்கு வரி ஒப்பிடு, அப்புறம் அடுத்தது. டெசிமல் கணக்கை அது சோதிக்காது, அதுக்கு டெஸ்ட்டு நீயேதான் எழுதோணும். எழுதுவேங்கறயா? சிரிக்கறதைப் பாத்தா நம்பிக்கை வல்லியே.