குளியலறையில் கண்ணாமூச்சி

எங்கள் வீட்டு காம்பி பாய்லர் ரேடியேட்டரை நன்றாகச் சுடவைக்கிறது. குளிக்கப் போனால் மட்டும் கைவிரிக்கிறது. வெந்நீருக்கு என் மேல் என்ன கோபம்?
- வாசகர், ஹாரோ, லண்டன்

கோபம் வெந்நீருக்கு இல்லை, வால்வுக்கு! ஹீட்டிங்கை அணைத்துவிட்டு வெந்நீர்க் குழாயைத் திறங்கள். ரேடியேட்டர் சூடாகிறதா? அப்படியானால் சூட்டை ரேடியேட்டருக்கோ குழாய்க்கோ திருப்பிவிடும் டைவர்ட்டர் வால்வு பாதியில் சிக்கியிருக்கலாம். உங்கள் வெந்நீரில் ரேடியேட்டர் குளிக்கிறது.

தண்ணீர் சூடாக வந்து, ஆறி, மறுபடி சூடானால், குழாய்த் தண்ணீரைச் சூடாக்கும் பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சரைச் சந்தேகியுங்கள். லண்டன் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். எக்ஸ்சேஞ்சரின் மெல்லிய தகடுகளுக்கு நடுவே அது படிந்து அடைத்துவிடும். குளிர்காலத்தில் மட்டும்தான் தொல்லையா? 24 கிலோவாட் பாய்லர் நிமிடத்துக்குச் சுமார் 10 லிட்டரை 35 டிகிரிதான் ஏற்றும். 5 டிகிரியில் உள்ளே வருகிற தண்ணீர் 40-க்கு மேல் போகாது. குழாயைக் கொஞ்சம் மூடுங்கள், சூடு ஏறும்.

மூடியைக் கழற்றி நானே பார்க்கட்டுமா?

பிரஷர் கேஜைப் பாருங்கள், போதும். பாய்லர் ஆறியிருக்கும்போது முள் 1-க்கும் 1.5 பாருக்கும் நடுவே நிற்க வேண்டும். மூடியைத் தொடாதீர்கள்: உள்ளிருந்து கசியக்கூடிய நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, எச்சரிக்காது. வருடத்துக்கு ஒருமுறை, எரிவாயு வேலை செய்பவர்களின் பதிவேடான கேஸ் சேஃபில் பதிவுள்ளவரை வைத்து சர்வீஸ் செய்யுங்கள். வருபவருடைய கேஸ் சேஃப் அட்டையின் முகத்தோடு முதுகையும் பாருங்கள்: எந்தெந்த வேலைக்கு அவர் தகுதி பெற்றவர் என்பது பின்பக்கத்தில்தான் இருக்கிறது.