சந்தேகம் தெளிவிப்பவர்

அவர் காதுபட ‘எனக்கு ஒரு டவுட்’ என்று வாய்தவறிச் சொல்லிவிடக் கூடாது. பஸ்ஸுக்கு வழி கேட்க வந்த பையன் ஒருநாள் சொல்லிவிட்டான்.

“தம்பி, உனக்கு வந்திருக்கிறது டவுட் இல்லை, கொஸ்டியன். இந்த பஸ் தாம்பரம் போகுமான்னு தெரியாம கேக்கிறே பாரு, அது கொஸ்டியன். தாம்பரம்னு போர்டு போட்டிருந்தும் நீ நம்பலேன்னா, அது டவுட்.”

பையனுக்குப் புரிந்தது. பஸ் போய்விட்டது.

உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். ஓய்வுபெற்ற ஹெட்கிளார்க், சட்டைப்பையில் பென்சில், கையில் அங்கங்கே வட்டம் போட்ட இங்கிலீஷ் பேப்பர். வீட்டில் அட்டை போன ‘ரென் அண்ட் மார்ட்டின்’ இங்கிலீஷ் இலக்கணப் புத்தகம். அந்த ரென்தான் 1924-இல் ‘போ ஜெஸ்ட்’ என்று பாலைவனச் சிப்பாய்களை வைத்துச் சாகச நாவல் எழுதியவர் என்று நான் சொன்னபோது எங்கள் பெரியவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. இலக்கண சுத்தமான டவுட் என்றால் அதுதான்.

‘டவுட்’டுக்கு நடுவே வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் ‘பி’ எழுத்துமேல் அவருக்குத் தனி மரியாதை. பிரெஞ்சிலிருந்து வந்தபோது அது கிடையாது, லத்தீன் பண்டிதர்கள் பிற்பாடு செருகியது என்பார்.

குற்றம் நம் பையன்கள்மேல் இல்லை. வாத்தியாரிடம் கேட்பதும் சந்தேகம், புருஷன்மேல் வருவதும் சந்தேகம். தமிழுக்கு இரண்டும் ஒன்றுதான். ‘ஐ டவுட் இட் வில் ரெயின்’ என்றால் மழை வராது என்கிறான் இங்கிலீஷ்காரன். ‘மழை வருமோன்னு சந்தேகமா இருக்கு’ என்றால் நாம் குடையை எடுப்போம்.

போன மாதம் நானே வாயை விட்டேன். ஸ்காட்லாந்தில் அதே ஆங்கில வாக்கியத்தைச் சொன்னால் மழை வரும் என்று அர்த்தம், அவர்களும் குடையைத்தான் எடுப்பார்கள் என்றேன். பெரியவர் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனார். இரண்டு நாள் திண்ணைப் பக்கம் ஆளே இல்லை.

மூன்றாம் நாள் வந்தார். “தம்பி, எனக்கு ஒரு ட…” நிறுத்திக்கொண்டார். “ஒரு கொஸ்டியன். ஸ்காட்லாந்துக்காரன் வெள்ளைக்காரன்ல சேர்த்தியா?”

சேர்த்திதான் என்றேன். அவர் நம்பவில்லை.