வெள்ளி ரூபாயும் காட்டுப் பன்னியும்

அப்புனு, டெக்சாசுல பன்னி வேட்டைக்குப் போறயாமா? உன்ற அம்மா சொன்னா. அம்மாயி காதுல விழுந்துச்சுன்னா மூணு நாளைக்குச் சோறு திங்க மாட்டா, அதனால மெதுவாத்தான் பேசறேன்.

தோட்டா வாங்கறதுக்கே நாலு மாசமாக் கம்ப்யூட்டருல தேடறயாம். உனக்குப் பொண்ணு பாத்தப்பக்கூட இத்தனை தேடலியே சாமி. 150 கிரெயினா 180 கிரெயினான்னு என்னையக் கேட்டா? சித்த இரு, பொட்டியத் தொறக்கறேன். இதா, உன்ற அம்மாயி சீதனமாக் கொண்டாந்த ஜார்ஜ் ராசா வெள்ளி ரூபா. இது எடை ஒரு தோலா. ஒரு தோலான்னா அச்சா 180 கிரெயின். கிராமுல சொன்னா 11.66. நீ பெரிய கனமான தோட்டான்னு பீத்திக்கறது இந்த ஒத்தை ரூபாதான். இதுல ஆறுல ஒரு பங்கைச் சொரண்டிப்போட்டா உன்ற 150 கிரெயின். இந்தச் சொரண்டலுக்கா நாலு மாசம்?

எந்தக் கடையில வாங்குனேன்னு பன்னி கேக்கறதில்ல. எங்க பட்டுச்சுங்கறதுதான் அதுக்கு வெவகாரம். மானுக்குச் சுடறாப்புல முன்னங்காலுக்குப் பின்னால தள்ளிக் குறி வெச்சீனா கெட்டுது குடி. மானுக்கு அங்க நுரையீரல் இருக்கும். பன்னிக்கு எல்லாமே முன்னாலயும் கீழயும்தான் கெடக்கும். பின்னால தள்ளிப்போனா ஈரல், இன்னுந் தள்ளுனா குடலு. பக்கவாட்டுல நின்னா முன்னங்கால் புடிச்சு நேரா மேல வா, ஒடம்புல கீழ இருந்து மூணுல ஒரு பங்கு ஒசரத்துல நிறுத்து. அக்கட்டால சாஞ்சு நிக்குதா, அந்தப் பக்கத்து முன்னங்காலை மனசுல வெச்சுக்க, குண்டு அதுக்குப் போற வழியில எல்லாத்தையும் பாத்துக்கும். உன்னைய நேரா மொறைச்சுட்டு நிக்குதா, கும்பிடு போட்டுட்டு வந்துரு.

கெடாப் பன்னிக்குச் சப்பை மேல ஒரு பலகை கட்டியிருக்கும் பாரு, சண்டை போட்டுப் போட்டு. ஒரு விரக்கடைக்குக்கூட வரும். அறுக்கறப்ப நல்ல கத்தியே மொணங்கும். இங்க வேட்டையைத் தடுக்கற சட்டம் வரதுக்கு முந்தி, அதாவது 1972க்கு முந்தி, நம்ம பக்கத்துப் பண்ணாடி ஒருத்தரு ரட்டைக்குழல் வெச்சிருந்தாரு. நான் தோட்டாப் பை தூக்கறவன். கரும்புக்காட்டு ஓரத்துல அம்பது கஜம் தள்ளி ஒரு கெடா. எல்.ஜி. தோட்டாவை, அதான் பெரிய ஈயக்குண்டு அடைச்சதை, போட்டு வெடிச்சாரு. பன்னி ஒடம்பை ஒருக்கா ஒதறுச்சு, ஈ ஓட்டறாப்புல. பொறவு எங்களைப் பாத்துச்சு. பண்ணாடி வேலாமரத்து மேல ஏறுனது எப்படின்னு அவருக்கே தெரியாது. எறங்கத்தான் முள்ளு தெரிஞ்சுது. மறு வாரம் இன்னொருத்தரு அதையே சாய்ச்சப்பத் தோலுரிச்சது நான். சப்பைப் பலகையில ரண்டு ஈயக்குண்டு, அமுங்கின கொண்டக்கடலையாட்டம் ஒட்டிட்டு இருந்துச்சு. கழுவித் தொடைச்சுப் பண்ணாடிகிட்டக் கொண்டுபோய்க் குடுத்தேன். அன்னைக்கு எனக்கு அந்த ஊட்டுல காப்பித்தண்ணி கெடைக்கல.

நீ படிச்சுக் காட்டுனியே, நாஸ்லர்னு ஒரு அமெரிக்காக்காரரு, அவரு கதை நம்ம பண்ணாடி கதைதான். 1946ல கனடாவுல சேறு அப்பிக் காஞ்ச மூஸ் மானைச் சுட்டா, தோட்டா தோலு மேலயே நொறுங்கிப்போச்சாம். ஆனா அவரு மரம் ஏறல, தோட்டாவுக்கு நடுவுல ஒரு குறுக்குச் சொவரு வெச்சாரு. முன்பாதி விரியும், பின்பாதி சொவத்தைத் தாண்டி ஒடையாது, உள்ள போயிட்டே இருக்கும். மனுசன்னா அவன் மனுசன்! உன்ற பன்னியும் சேத்துல பொரண்டுட்டுத்தான் வரும். அதனால பட்டதும் பூவா மலர்ற தோட்டா வேண்டாம், விரிஞ்சாலும் அடி கெட்டியா நிக்கற சாதியாப் பாரு. உன்ற 30-06 துப்பாக்கிக்கு 165 கிரெயின் ஆனாலும் செரி, ரூபா எடை ஆனாலும் செரி. பட்டாளத்துக்காரங்க போடற முழு உறைத் தோட்டாவை மட்டும் தொடாத. ஊசி போட்டாப்புல அக்கட்டால போயிரும், பன்னி எங்கியோ ஓடிப்போய் நாலு நாள் கழிச்சுச் சாவும். அது பாவம்.

சுட்டதும் போனை எடுத்துட்டு ஓடாத. அரை மணி நேரம் உக்காரு. பொறவு போய் ரத்தத்தைப் பாரு. ரோசாக் கலருல நொரையா இருந்தா நுரையீரல், கிட்டத்துலயே கெடக்கும். கருஞ்செவப்பா இருந்தா ஈரல், இன்னும் ரண்டு மணி நேரம் பொறுக்கோணும். பச்சையாச் சாணி நாத்தம் அடிச்சா உன்ற கைதான் கோளாறு, பொழுது சாயற வரைக்கும் உக்காந்து அதைப் பத்தி ரோசனை பண்ணு.

டெக்சாசுல 2019ல இருந்து தோட்டத்துக்காரன் செரின்னாப் போதும், பன்னிக்கு லைசென்சு வேண்டாமாமா. குடுத்து வெச்சவன். இங்க நாம பன்னியைப் பாத்துக் கண்ணடிச்சாலே பாரஸ்ட்டுக்காரன் வந்துருவான்.

போறதுக்கு முந்தி நூறு கஜத்துல ஒரு காகிதத் தட்டை ஒட்டி வெச்சு அஞ்சு சுடு. அஞ்சும் தட்டுக்குள்ள இருந்தா எனக்குப் போட்டோ அனுப்பு. ஏன் சொல்றேன்னா, போன ஆடியில அந்தியூர்த் தேருக்கு வந்திருந்தப்பப் பலூன் சுட்டயே, அந்தக் கடைக்காரன் இந்த வருசமும் வந்திருந்தான். உன்னைய ரொம்ப விசாரிச்சான், நல்ல கிராக்கியாமா.