முதலிலை லோகோவைக் கீறுங்கோ

டிசைன் புரொஜெக்ட் செய்யிற பிள்ளையளுக்குப் புள்ளி விழுற வழி ஒண்டு சொல்லித் தாறன். காசு வேண்டாம்.

முதலிலை பொருளுக்குப் பேர் வையுங்கோ. பேருக்கு முன்னாலை ‘ஸ்மார்ட்’ எண்டு போட்டால் பாதி வேலை முடிஞ்சுது. அடுத்தது லோகோ. பிறகு கொம்பியூட்டரிலை சுத்திச் சுத்திப் பாக்கக்கூடிய படம். எல்லாம் முடிஞ்ச பிறகு ஆறுதலாய் இருந்து, ‘இது ஆருக்கு வேணும்?’ எண்ட கேள்விக்கு ரெண்டு வரி எழுதலாம். பத்து யோசனை காட்டச் சொல்லியிருக்கினமே எண்டு பயப்பிடாதேங்கோ. ஒம்பது மொக்கு யோசனையை அவதியிலை கீறிப்போட்டு, பத்தாவதாய் உங்கடையை வைச்சால் போதும். சொத்தைக் கத்தரிக்காயை முன்னுக்குக் குவிச்சு வைச்சு, நல்லதைப் பக்கத்திலை வைச்சு விலை சொல்லுற யாவாரம்தான்.

தோட்டம் கொத்தின கிழவனுக்கு உது எப்பிடித் தெரியும் எண்டு கேப்பியள். வெள்ளவத்தையிலை மகளின்ரை ஃபிளாட்டிலை நான் படுக்கிற அறைதான் பேரனுக்கு ஸ்ரூடியோ. எனக்குக் காது மந்தம் எண்டு நினைச்சுக்கொண்டு கதைக்கினம். நானும் அந்த நினைப்பைக் கெடுக்கேல்லை.

பேரனும் அவன்ரை கொட்டாஞ்சேனைச் சினேகிதனும் இப்ப ‘ஸ்மார்ட் அடுப்பு’ செய்யினம். விறகிலை எரியுமாம். உள்ளுக்கை ஒரு குட்டிக் காத்தாடி ஊதுமாம். சூடு எவ்வளவு எண்டு போனிலை காட்டுமாம். 2022ஐ நினைச்சுத்தான் செய்யினமாம். 2022இலை நானும் இஞ்சைதான் இருந்தனான். வெறும் காஸ் சிலிண்டரை ரோட்டிலை வரிசையாய்ச் சங்கிலி போட்டுக் கட்டி வைச்சுக் காவல் நிண்ட காலம். மார்ச் கடைசியிலை ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மட்டும் கரண்ட் வெட்டினவை.

“அம்மப்பா, அண்டைக்கு இந்த அடுப்பு இருந்திருந்தால் எப்பிடி இருந்திருக்கும்?” எண்டான் பேரன்.

“வடிவாய் இருந்திருக்கும் மோனை. கரண்ட் வரும் மட்டும் ஷோகேசிலை வைச்சுப் பாத்துக்கொண்டு இருந்திருப்பம்.”

சினேகிதன் வாயைப் பொத்திச் சிரிச்சான். பேரன் “பற்றரி போடலாம்” எண்டான். பற்றரியை எதிலை சார்ஜ் பண்ணுறது எண்டு நான் கேக்கேல்லை. பொடியன் அழுதிடுவான்.

அடுப்பு எண்டு வந்தபடியால் சொல்லுறன். இந்த நாட்டிலை அடுப்பை வடிவமைச்ச ஆக்கள் இருக்கினம். ‘அனகி’ எண்டு ரெண்டு பானை வைக்கிற களிமண் அடுப்பைக் கடையளிலை கண்டிருப்பியள். 1980களிலை வந்தது அது. அதுக்கு முன்னம் சர்வோதய அடுப்பு எண்டு ஒண்டு இருந்தது. அது ரெண்டு துண்டு. வீட்டிலை வைச்சுப் பொருத்தி, சுத்திவர மண் பூசிக் கட்டவேணும். ஊரிலை மண்ணும் இருக்கு, கட்டத் தெரிஞ்ச கையும் இருக்கு. பட்டினத்திலை, கடையிலை வாங்கின கையோடை கறி வைக்க நிக்கிற மனிசி என்ன செய்யிறது? அதாலைதான் ரெண்டையும் ஒரே துண்டாக்கி, குயவர் செய்து கடையிலை வைச்சு விக்கக்கூடிய பொருளாய் மாத்தினவை. விறகை மிச்சம் பிடிக்கிற கணக்கு ஒண்டு. இதை ஆர் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவினம் எண்ட கணக்கு இன்னொண்டு. ரெண்டாவது கணக்குக்கு லோகோ தேவைப்படேல்லை.

பெரிய இடத்துப் பிள்ளையளும் முதலிலை சறுக்கினவைதான். 2007இலை அமெரிக்காவிலை ஸ்ரான்ஃபோட் பல்கலைக்கழகத்து வகுப்பு ஒண்டிலை ஜேன் சென், லைனஸ் லியாங், நாகானந்த் மூர்த்தி, ராகுல் பணிக்கர் எண்ட நாலு பேருக்கு ஒரு புரொஜெக்ட். குறைமாதக் குழந்தையை வைக்கிற இன்கியூபேற்றர் அப்ப 20,000 டொலர் மட்டிலை போனது. அதை நூறிலை ஒரு பங்கு விலைக்குச் செய்யவேணும். என்ரை வழியிலை போயிருந்தால் அந்தப் பெட்டியிலை ரெண்டு ஆணியைக் குறைச்சு, பேர் வைச்சு, புள்ளி வாங்கியிருப்பினம். அவை கெட்டிக்காரர் இல்லைப் போலை. நேபாளத்துக்குப் போய்ப் பாத்தினம். காத்மண்டு ஆஸ்பத்திரியிலை இன்கியூபேற்றர் இருக்கு, உள்ளுக்கை குழந்தை இல்லை. குழந்தையள் மலைக்கிராமங்களிலை பிறந்து, ஆஸ்பத்திரிக்கு வந்து சேரமுதலே செத்துப்போகுதுகள்.

அதோடை பெட்டியை விட்டிட்டினம். குழந்தையைச் சுத்திப் படுக்க வைக்கிற ஒரு சின்னப் பை, அதின்ரை முதுகுப் பக்கம் ஒருவகை மெழுகு. மெழுகைச் சூடாக்கி உருக்கி வைச்சால் மணித்தியாலக் கணக்காய் 37 பாகையிலை நிக்கும். கரண்டை ஒட்டிக்கொண்டு இருக்கத் தேவையில்லை. ‘எம்பிரேஸ்’ எண்டு பேர். பேர் கடைசியிலைதான் வந்திருக்கும் எண்டு நினைக்கிறன்.

அவையள் பிறகு பெங்களூருக்கு வந்து வேலை செய்தவை. மகாராஷ்டிராக் கிராமம் ஒண்டிலை ஒரு தாய் இன்னொரு பாடம் எடுத்தா. பையிலை சூட்டை இலக்கத்தாலை காட்டினவை. இங்கிலீசு மருந்து கடுமையானது, டொக்டர் ஒரு கரண்டி எண்டால் தான் அரைக் கரண்டிதான் குடுக்கிறது, 37 எண்டு சொன்னால் காவலுக்கு 30இலைதான் வைப்பன் எண்டாவாம். இலக்கத்தைக் கழட்டிப்போட்டு, சரி, சரியில்லை எண்டு மட்டும் காட்டுற மாதிரி மாத்தினவை. போனிலை பாகை காட்டப் போற என்ரை பேரன் இந்தக் கதையைக் கேட்டிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவன்.

அறைச் சுவரிலை ‘இரட்டை வைரம்’ எண்டு ஒரு படமும் ஒட்டியிருக்கு. பிரித்தானிய டிசைன் கவுன்சில் கீறினதாம். செட்டியார் தெரு நகைக்கடையளிலையும் காணாத வைரமாய்க் கிடக்கே எண்டு நான் கண்ணாடியைப் போட்டு உத்துப் பாத்தன். முதல் வைரத்திலை பிரச்சினையை விரிச்சுப் பாத்துச் சுருக்கவேணும். ரெண்டாவதிலை விடையை விரிச்சுச் சுருக்கவேணும். பேரன் நேரை ரெண்டாவதின்ரை கடைசி மூலையிலை குடி போயிருக்கிறான்.

அதுக்குப் பக்கத்திலை கால அட்டவணை. நிறம் நிறமாய்ச் சட்டம். ஆய்வுக்கு ரெண்டு நாள், பிரசென்ரேசனுக்கு ரெண்டு கிழமை. உடையிறதுக்கு ஒரு நாளும் இல்லை. போயாவுக்குக் கடை பூட்டு எண்டதும் அதிலை இல்லை. மோனை, முதல் கிழமையே காட்போட் பெட்டியை வெட்டி ஒட்டி அடுப்பு ஒண்டு செய்து அம்மாவின்ரை கையிலை குடு எண்டன். குடுத்தான். அவள் அதைத் தூக்கினவுடனை கை போய்ப் பிடிச்ச இடம், இவை விறகு வைக்கிற வாய். அது எரிஞ்சுகொண்டு இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் எண்டு ரெண்டு பேரும் ஆளையாள் பாத்தாங்கள். கைபிடி இப்ப இடம் மாறியிருக்கு.

இனி அடுப்படியளைப் பாக்கக் கொட்டாஞ்சேனைப் பக்கம் போகப் போகினமாம். ஒழுங்கைக்குள்ளை ஒட்டின சின்ன வீடுகளிலை அடுப்படியிலை ஒராள் நிண்டால் மற்றாள் கடக்கேலாது. எங்கடை ஃபிளாட்டிலை விறகை லிஃப்டிலை ஏத்த விடுவினமோ, புகை ஆற்றை வீட்டு உடுப்பிலை போய்ப் படியும் எண்டதையும் கேட்டுக்கொண்டு வரட்டும்.

நீங்களும் போறதெண்டால் காலமை பத்து மணிக்கு முன்னம் போங்கோ, உலை வைக்கிற நேரம். வாசலிலை நிண்டு கேட்டுப்போட்டு உள்ளுக்கை போங்கோ. லப்டொப்பை வீட்டிலை வைச்சிட்டு, அளவுநாடாவையும் கொப்பியையும் கொண்டு போங்கோ. உங்கடை யோசனையைச் சொல்லாதேங்கோ. சமைக்கிற மனிசி, “உதிலை ஏன் தம்பி மினைக்கெடுறாய், இந்தத் தேங்காயைத் திருவித் தா” எண்டு சொன்னால், திருவிக் குடுங்கோ.