குலுக்கல் மாதம்

தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டுக்கு 2003-லேயே தடை போட்டாயிற்று. ஆனாலும் மார்ச் கடைசியில் மயிலாப்பூர் மாட வீதிகளில் குலுக்கல் பேச்சுதான். இது அமெரிக்கக் குலுக்கல், எச்-1பி வேலை விசாவுக்கு. வருஷத்துக்கு 85,000 இடம். அதில் 20,000 அங்கேயே மாஸ்டர்ஸ் முடித்தவர்களுக்கு. பெயர் விழுந்தால் பரிசுப் பணம் கிடையாது. கம்பெனி மனுப் போடலாம், அவ்வளவுதான். 2025 செப்டம்பரில் ட்ரம்ப் அந்தப் புது மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்றார். அப்போது நம்மூர்க் கணக்கில் ஏறக்குறைய 88 லட்சம் ரூபாய்.

"பையன் எச்-1பி" என்றாலே ஜாதகம் தானாகப் பொருந்திய காலம் உண்டு. இப்போது தி.நகர் பெண் வீட்டார், "விசா ஸ்டாம்பிங் ஆயிடுத்தா?" என்று கேட்டுவிட்டுத்தான் காபி டம்ளரையே தொடுகிறார்கள்.

2025 டிசம்பர் 15 முதல் இன்னொரு கூத்து. விண்ணப்பித்தவர் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் எல்லாவற்றையும் திறந்து வைக்க வேண்டும், அதிகாரிகள் படிப்பார்கள். அண்ணா மேம்பாலத்தை ஒட்டிய அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணல் வாங்கியிருந்த பலருக்குத் தேதி மாதக்கணக்கில் தள்ளிப்போயிற்று. அதிகாரி படிப்பதற்கு முன்னால், பையன் போட்டதையெல்லாம் படிக்க அடையாறு மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ஏண்டா, 2016-ல அந்த மனுஷர் ஜெயிச்சப்போ கன்னாபின்னான்னு எழுதியிருக்கியே, எடுத்துடு."

"எடுத்தா சந்தேகம் வரும்மா."

"சரி, கீழே நல்லதா ரெண்டு வார்த்தை சேர்த்துடு. அது கிடக்கட்டும், மகாபலிபுரத்துல கையில என்னடா அது, சிகரெட்டா?"