சத்தியமும் முப்பத்தைந்து சதவீதமும்

சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் அவரவர் வருமானத்தைச் சத்தியம் செய்து சொல்லி வரி கட்டுகிறார்கள், யாரும் ஏமாற்றுவதாகச் சந்தேகமே இல்லை என்று 1776-இல் ஆடம் ஸ்மித் மெச்சினார். அதே நாட்டு உன்டர்வால்டனில் ஊர்க்கூட்டத்திலேயே எழுந்து சொத்துக்கணக்குச் சொல்வார்களாம். சிறிய குடியரசு, நம்பத்தக்க நிர்வாகிகள். அதனால் முடிந்தது என்பது அவர் வாதம். அதே நாடுதான் 1934-இல், வாடிக்கையாளர் கணக்கை வெளியே சொல்லும் வங்கி ஊழியருக்குச் சிறை என்று சட்டம் போட்டது. வருமானத்தை மறைத்தாலோ அபராதம்தான். பொய் ஆவணம் நீட்டினால்தான் சிறைப் பேச்சு.

ரகசியமெல்லாம் வெளிநாட்டுப் பணத்துக்குத்தானே, உள்ளூர்க்காரர் யோக்கியர்தானே என்பீர்கள். 2018 முதல் வெளிநாட்டவர் கணக்கு விவரங்கள் அவரவர் அரசுக்குப் போகின்றன. திரை மிஞ்சியிருப்பது உள்ளூர் யோக்கியருக்கே. அவரை அரசு முழுமையாக நம்புகிறது. இருந்தாலும் வங்கி வட்டியில் 35 சதவீதத்தை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு, கணக்குக் காட்டிய பிறகே திருப்பித் தருகிறது.